பயனர் அனுபவ வடிவமைப்பு: தவறுகளைப் படிக்கும் தொழில்

ஒரு கருவியைக் கையாளும் பலர் மீண்டும் மீண்டும் ஒரே தவறைச் செய்வார்களானால், அதற்கான காரணத்தை அவர்களுடைய கவனக்குறைவில் தேடுவதைவிடக் கருவியின் அமைப்பில் தேடுவதே பலன் தரும் என்ற எண்ணத்தின் மேல்தான் பயனர் அனுபவ வடிவமைப்பு என்னும் துறை நிற்கிறது. கைப்பேசிச் செயலிகளையும் இணையதளங்களையும் உருவாக்கும் நிறுவனங்களில் ‘யூஎக்ஸ்’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இத்துறையைத் திரைக்கு வண்ணமும் அழகும் சேர்க்கும் வேலை என்று எண்ணிக்கொண்டு அதற்குள் நுழையும் இளைஞர்கள் இன்று மிகப் பலர். அழகுக்கும் அதில் இடம் உண்டு என்றாலும், துறையின் வேர் திரைகள் பரவுவதற்கு முந்தைய காலத்தில், போர் விமானங்களின் விமானி அறையில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், ஓடுபாதையிலேயே சக்கரங்கள் உள்ளே மடங்கி, வயிறு தரையில் உரசி நொறுங்குவது அடிக்கடி நிகழ்ந்தது. ‘விமானியின் தவறு’ என்று பதிவாகிவந்த இந்த விபத்துகளை ஆராய்ந்த அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர், இறக்கையின் பின்புறத் தகடுகளை மடக்கும் விசையும் சக்கரங்களை மடக்கும் விசையும் ஒரே உருவத்தில் அருகருகே அமைந்திருப்பதையும், வேறுவிதமான அமைப்பைக் கொண்ட சி-47 விமானங்களில் இத்தகைய விபத்து நேராததையும் கவனித்தார். சக்கரத்துக்கான விசையின் முனையில் ரப்பரால் ஆன சிறு சக்கரத்தையும், தகட்டுக்கான விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும், களைத்துப்போன விமானியின் கை கண்ணின் உதவியின்றியே இரண்டையும் பிரித்தறிந்தது. சக்கர வடிவக் குமிழ் இன்றைய பயணிகள் விமானங்களிலும் தொடர்கிறது. விமானிகளுக்குக் கூடுதல் பயிற்சி தரவும் இல்லை, தண்டனை தரவும் இல்லை. விசையின் வடிவம் மட்டுமே மாறியது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்து இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்பித்தது. அழுத்தம் கூடும்போது திறந்து, குறையும்போது மூட வேண்டிய வால்வு ஒன்று திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ள, அதன் வழியே குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டதாகவே பணியாளர்களை நம்பவைத்தது. மூடும்படி கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியதே தவிர, வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டும்படி அது அமைக்கப்படவில்லை. பணம் செலுத்தும் பொத்தானைத் தொட்டதும் ‘வெற்றி’ என்று சொல்லும் ஒரு செயலி, பணம் உரியவருக்குச் சேர்ந்ததைச் சொல்கிறதா, கோரிக்கை புறப்பட்டதை மட்டும் சொல்கிறதா என்று இன்றைய வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வியின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

இவ்விபத்தை ஆராய அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரான டொனால்ட் நார்மன் என்ற அறிவாற்றல் உளவியலாளர், கதவு, அடுப்பு, தொலைபேசி போன்ற அன்றாடப் பொருள்கள் மனிதரைக் குழப்பும் விதங்களை விளக்கி 1988இல் ஒரு நூல் எழுதினார். ‘தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்’ என்ற பெயரில் இன்று கிடைக்கும் அந்நூலே இத்துறைக்கு வர விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது. 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த நார்மன், தம் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரைச் சேர்த்துக்கொள்ள, அத்தொடர் அங்கிருந்து பரவியது. திரையில் தெரியும் பொத்தான், எழுத்து, நிறம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது இடைமுக வடிவமைப்பு, அதாவது ‘யூஐ’. ஒருவர் ஒரு சேவையைத் தேடத் தொடங்குவது முதல், அதைப் பெற்று, சிக்கல் வந்தால் புகார் செய்து தீர்வு காண்பது வரையிலான முழுப் பாதையையும் கருத்தில் கொள்வது பயனர் அனுபவ வடிவமைப்பு. வேலை விளம்பரங்கள் இரண்டையும் சாய்கோடு போட்டு ஒன்றாக எழுதுவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊன்றிவிட்டது.

பணியின் படிநிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயன்படுத்தப்போகும் மனிதர்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே சந்தித்துத் தேவைகளை அறிவது பயனர் ஆய்வு; எந்தத் தகவல் எதன் கீழ் வர வேண்டும், எதற்கு என்ன பெயரிட வேண்டும் என்று வகுப்பது தகவல் கட்டமைப்பு; காகிதத்திலோ கணினியிலோ விரைவாக ஒரு மாதிரியைச் செய்து பார்ப்பது முன்மாதிரி; அந்த மாதிரியை மனிதர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது பயன்பாட்டுச் சோதனை. இவற்றுள் கடைசியானதே மற்றவற்றுக்கு உயிர். கற்பதற்குக் கடினமானதும் அதுவே.

அச்சோதனையில், ‘இந்தச் செயலியில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மதுரை செல்ல ஒரு பயணச்சீட்டு எடுங்கள்’ என்பது போன்ற ஒரு பணி பங்கேற்பவரிடம் தரப்படும். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி அவர் கேட்டுக்கொள்ளப்படுவார். அதன் பிறகு வடிவமைப்பாளர் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. தாம் மாதக்கணக்கில் உழைத்து வைத்த பொத்தானுக்கு அரை அங்குலம் தள்ளி ஒருவரின் விரல் தடுமாறுவதைக் கண்டும் ‘அங்கே தொடுங்கள்’ என்று சொல்லாதிருப்பதும், ‘எனக்குத்தான் இதெல்லாம் தெரியாது’ என்று அவர் தம்மையே நொந்துகொள்ளும்போது குறை அவரிடம் இல்லை என்பதை உணர்த்திவிட்டு, அவர் எந்தச் சொல்லைக் கண்டு தயங்கினார், எங்கே பின்னால் திரும்பினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வதும் பயின்று பெற வேண்டிய பண்புகள். ‘இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்ற கேள்வி நம் ஊரில் குறிப்பாகப் பயனற்றது. எதிரில் இருப்பவரின் மனம் நோகாதபடி ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதே இங்கு மரியாதை என்பதால், சொல்லைவிடக் கையின் செயலையே ஆய்வாளர் நம்ப வேண்டியிருக்கிறது.

ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்ற விதி இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. யாகோப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவரைக் கொண்டு சோதித்தால் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்கள் வெளிப்படுகின்றன. ஐவரைச் சோதிக்கும்போது இது 85 விழுக்காட்டை நெருங்குகிறது. அதற்கு மேல் ஆள் கூட்டுவதைவிட, கண்ட குறைகளைத் திருத்திவிட்டு மீண்டும் ஐவரிடம் சோதிப்பது சிக்கனமானது. ஆனால் ஐவரும் ஒரே வகைப் பயனராக இருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும். கோயம்புத்தூர்க் கல்லூரி மாணவர்கள் ஐவரிடம் சோதித்துவிட்டு, அதே செயலியை வால்பாறைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் ஏற்றது என்று அறிவிக்க அது அனுமதி தரவில்லை.

இந்தியாவில் இத்துறைக்கு இருக்கும் வேலையின் அளவை விளங்கிக்கொள்ள, 2016இல் அறிமுகமான யூபிஐ பணப்பரிமாற்ற முறையில் இருந்த ஒரு வசதியைப் பார்த்தாலே போதும். பணம் அனுப்புவதோடு, ‘இவ்வளவு தொகை தாருங்கள்’ என்று இன்னொருவருக்குக் கோரிக்கை விடுக்கவும் அதில் வழி இருந்தது. பழைய பொருளை விற்க விளம்பரம் செய்தவரை அழைக்கும் மோசடிக்காரர், பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, ‘உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய எண்ணைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பார். எண்ணைப் போட்டதும் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவந்தும், ஏமாந்தவர்கள் ‘கவனமில்லாதவர்கள்’ என்ற பழியையும் சேர்த்தே சுமந்தார்கள். தனிநபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்தியது. எச்சரிக்கை வாசகம் செய்ய முடியாததை அமைப்பில் செய்த மாற்றம் செய்கிறது என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டியதில்லை; வடிவமைப்பாளர்கள் வருந்த வேண்டியது அதற்குப் பிடித்த காலத்தைக் குறித்துத்தான்.

படிவங்களில் பெயரை நிரப்பும் கட்டமும் இதேபோல அமைப்பின் குறையைப் பயனர்மேல் சுமத்துகிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டும் கட்டாயம் என்று செய்துவிடும் படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழரிடம் அவருக்கு இல்லாத ஒன்றைக் கேட்கிறது. ஒருவர் தலைப்பெழுத்தை விரித்து எழுதுகிறார், இன்னொருவர் ஊர்ப்பெயரைப் போடுகிறார், மற்றொருவர் ஒரு புள்ளியை வைத்துத் தாண்டிவிடுகிறார். பின்னர் ஓர் ஆவணத்துக்கும் இன்னோர் ஆவணத்துக்கும் பெயர் பொருந்தாமல் போகிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் கொண்டவர்கள் வருகை விசாவில் நுழைய முடியாது என்ற ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி வெளியானபோது கலங்கியவர்களுள் தென்னிந்தியர் பலர். இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகே வந்தது. ஒரு பண்பாட்டின் பெயர் வழக்கை உலகம் முழுவதற்கும் பொதுவானதாகக் கொண்டால், அதன் விலையை விமான நிலையத்தில் நிற்பவர் கொடுக்கிறார்.

எழுத்து முறையிலும் இதே சிக்கல் உண்டு. ‘முத்துகிருஷ்ணன்’ என்ற பெயர் தமிழ் படிப்பவருக்கு எட்டு எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு அது பதினைந்து. பெயருக்குப் பன்னிரண்டு இடங்கள் போதும் என்று குறியீடுகளை எண்ணி வரம்பு வைத்த கட்டத்தில் அப்பெயர் ‘முத்துகிருஷ்’ என்று அறுபட்டு நிற்கும். ஆங்கிலத்தில் அமைத்த திரையில் கடைசி நேரத்தில் மொழிபெயர்ப்பை ஒட்டும் வழக்கத்தால், தமிழின் நீண்ட சொற்கள் பொத்தானுக்கு வெளியே வழிவதும், மேல்விலங்கும் கீழ்க்குறிகளும் வெட்டுப்படுவதும் அன்றாடம் காணும் காட்சிகள். இத்தகைய குறைகளைக் கண்டவுடன் பிடிக்கக்கூடியவர், தமிழில் வாசித்து வளர்ந்த வடிவமைப்பாளர்.

மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி அமைப்பது அணுகல்தன்மை எனப்படும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வகுத்த நெறிமுறைகள், எடுத்துக்காட்டாக, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கின்றன; வெள்ளைப் பின்புலத்தில் வெளிர் சாம்பல் எழுத்தை நாகரிகம் என்று கருதும் திரைகள் பல இதில் தோற்றுவிடும். 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்விஷயத்துக்குப் புதிய எடையைத் தந்தது. வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கான டிஜிட்டல் அடையாளச் சரிபார்ப்பில், உயிருள்ள மனிதர்தாம் என்று காட்டக் கேமராவின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்ற நிபந்தனையை, அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட ஒருவரால் நிறைவேற்ற இயலாமல் போனது அவ்வழக்கின் பின்னணி. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று கூறிய நீதிமன்றம், 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. திரையை ஒலியாக வாசித்துக் காட்டும் மென்பொருளைக் கொண்டு சோதிக்கத் தெரிந்த வடிவமைப்பாளர்களுக்கான தேவை இதனால் கூடியே ஆக வேண்டும்.

இத்துறைக்கான கல்வி இந்தியாவில் புதிதன்று. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1969இல் மும்பை ஐஐடியில் தொழில்துறை வடிவமைப்பு மையம் பிறந்தது. இவ்விரு நிறுவனங்களும் ஊடாட்ட வடிவமைப்பை, அதாவது மனிதரும் கருவியும் ஒன்றுக்கொன்று மறுமொழி தரும் முறையை வகுக்கும் கலையை, முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கின்றன. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள ஐஐஐடிடிஎம் கல்வி நிறுவனம் தயாரிப்பு வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பை வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதக்கூடிய ‘யூசீட்’ நுழைவுத் தேர்வு நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்கும், பட்டதாரிகளும் இறுதியாண்டு மாணவர்களும் எழுதும் ‘சீட்’ தேர்வு முதுநிலைப் படிப்புக்கும் வாயில்கள். இரண்டையும் மும்பை ஐஐடி நடத்துகிறது. யூசீட் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டுமே எழுத முடியும். சீட் தேர்வுக்கு வயது வரம்பும் இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பும் இல்லை. ஓவியத் திறனை மட்டும் அளப்பவை அல்ல இவை. உற்றுநோக்கல், இடவுணர்வு, தருக்கம் ஆகியவற்றையும் சோதிக்கின்றன. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருவது, தமிழ்வழி மாணவர்களில் கூர்மையான கண்ணுடைய பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மனிதரைத் தடுக்கும் அமைப்புகளைக் களையக் கற்றுத்தரும் துறை, தன் நுழைவாயிலையும் ஒரு முறை அப்படிப் பார்ப்பது நல்லது.

கல்லூரிப் பட்டம் இன்றியும் வழி உண்டு. பள்ளிப் படிப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்றுவிக்கும் ஜோஹோ நிறுவனத்தின் கற்றல் பள்ளிகளில் வடிவமைப்புக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. உளவியல், மானுடவியல், இதழியல், பொறியியல் எனப் பல துறைகளிலிருந்து வந்தவர்கள் இப்பணியில் இருக்கிறார்கள். கேள்வி கேட்கவும் கேட்டதைத் தொகுக்கவும் பழகிய இதழியல் மாணவர் பயனர் ஆய்வில் விரைவாகத் தேறுவதுண்டு. திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மாணவர்களுக்கு அது இலவசமாகவும் கிடைக்கிறது. அதைக் கற்றுத் தந்து சான்றிதழும் வழங்கி, வடிவமைப்பாளரை உருவாக்கிவிட்டதாகச் சொல்லும் குறுகியகாலப் பயிற்சிகளிடம் மாணவர்களும் பெற்றோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் எத்தனை முறை வெளியாரை நேரில் சந்தித்துச் சோதனை நடத்த வேண்டியிருக்கும் என்று சேருமுன் கேட்டால், பயிற்சியின் தரம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலைவிட எடை கூடியது, செய்த பணிகளை விளக்கும் ‘போர்ட்ஃபோலியோ’ என்ற தொகுப்பு. புகழ்பெற்ற உணவு விநியோகச் செயலி ஒன்றின் திரையை எடுத்து நிறமும் வளைவும் மாற்றி ‘மறுவடிவமைப்பு’ என்று வைக்கும் தொகுப்புகளே தேர்வாளர்களுக்கு அதிகம் வருகின்றன. அச்செயலியின் பயனர்கள் எங்கே திணறினார்கள் என்பதற்கு அவற்றில் சான்று இருப்பதில்லை. அதற்கு மாறாக, வங்கிக் கிளையின் முன்கூடத்தில் நிற்கும் பாஸ்புக் பதிவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தை எந்தப் பக்கம் திறந்து, எந்தத் திசையில் செருகுவது என்று தெரியாமல் ஒருவர் மூன்று முறை திருப்பிப் பார்க்கிறார். இயந்திரம் ஒலியெழுப்பிப் புத்தகத்தை வெளியே தள்ளுகிறது. காவலாளி எழுந்து வந்து வாங்கிச் செருகித் தருகிறார். இயந்திரத்தின் நெற்றியில் கையால் எழுதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. காவலாளியின் உதவியும் ஒட்டுத்தாளும் வடிவமைப்பு எங்கே தோற்றது என்பதைச் சுட்டும் அடையாளங்கள். அங்கே அனுமதி பெற்று ஒரு முற்பகல் நின்று, எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் தடுமாறினார்கள் என்று குறித்து, அட்டையில் ஒரு மாதிரி செய்து, ஐவரிடம் சோதித்து, முதல் மாதிரி ஏன் தோற்றது என்பதையும் மறைக்காமல் எழுதிய மாணவரின் தொகுப்பு தனித்துத் தெரியும். நேர்காணலில் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அதுவே: ஏன் இப்படிச் செய்தீர்கள், வேறு எதைக் கைவிட்டீர்கள்.

பணியிடங்களைப் பொறுத்தவரை, ஜோஹோ, ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்று சொந்த மென்பொருளை உருவாக்கும் நிறுவனங்களில் ஒரே தயாரிப்பைப் பல ஆண்டுகள் செப்பனிடும் வாய்ப்பும், பிறருக்குச் செய்துகொடுக்கும் சேவை நிறுவனங்களில் வங்கி, மருத்துவம், காப்பீடு எனப் பல களங்களைக் காணும் வாய்ப்பும் கிடைக்கும். ஆய்வை மட்டும் செய்பவர், முழுத் தயாரிப்பையும் வடிவமைப்பவர், திரையில் வரும் சொற்களை எழுதுபவர் எனப் பதவிகள் பிரிந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்ன பணி, பிழைச் செய்தியைக்கூடத் தெளிவான தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்கு உரியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் உலகத் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆள்குறைப்புச் செய்தபோது வடிவமைப்பாளர்களும் பாதிக்கப்பட்டார்கள். கட்டளையிட்டால் திரையை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. திரை வரைவதை மட்டுமே கற்றவருக்கு இது நல்ல காலமன்று. பாஸ்புக் இயந்திரத்தின் அருகே நிற்கத் தெரிந்தவருக்கு, மாதிரிகளை விரைவாகச் செய்து பார்க்க அதே கருவிகள் துணையாகின்றன.

பணியில் சேர்ந்தபின் எதிர்கொள்ள வேண்டிய கடினமான சூழல், மனித இயல்பைப் பற்றிய இந்த அறிவையே மனிதருக்கு எதிராகத் திருப்பும்படி கேட்கப்படுவது. சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, பணம் செலுத்தும் கடைசித் திரையில் புதிய கட்டணங்களைக் காட்டுவது போன்றவற்றுக்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010இல் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்று பெயரிட்டார். இத்தகைய ஏமாற்று அமைப்புகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடைசெய்யும் வழிகாட்டுதல்களை இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளியிட்டது. மேலாளரிடம் ‘இது நியாயமாகப் படவில்லை’ என்று சொல்லும் இளநிலைப் பணியாளரின் குரல் கூட்டத்தில் எளிதில் அமுங்கிவிடும். சந்தாவில் சேர எத்தனை திரைகள், விலக எத்தனை திரைகள் என்று எண்ணி, இரண்டு வரிசைகளையும் படமாக்கி, வழிகாட்டுதலின் உரிய பத்தியையும் பக்கத்தில் வைத்து எழுத்தில் கேட்கும் கேள்விக்கு நிறுவனத்தின் சட்டப் பிரிவும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.